வெளிநாட்டில் இசை படிக்கும்போது கேட்ட கச்சேரி நினைவில் தங்க

வெளிநாட்டில் மேற்கத்திய செவ்வியல் இசை படிக்கும் மாணவர்கள் ஒரு பருவத்தில் 40, 50 கச்சேரிகள் கேட்டுவிட்டு, படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது நான்கைந்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். கேட்பதற்கு முன்னும் பின்னும் வேலை செய்யாததுதான் காரணம். வாரம் ஒரே ஒரு கச்சேரி போதும், ஆனால் அதை முழுதாகக் கேளுங்கள்.

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்தெடுத்து அதன் ஸ்கோரை (எல்லாக் கருவிகளின் இசையும் குறியீடுகளாக எழுதப்பட்ட புத்தகம்) எடுங்கள். கல்லூரி நூலகத்தில் இருக்கும். உரிமைக்காலம் முடிந்தவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் நான்காம் சிம்பொனி (ஆர்கெஸ்ட்ரா என்னும் பெரிய வாத்தியக் குழுவுக்கான நீண்ட படைப்பு) என்று வைத்துக்கொள்வோம், சுமார் 40 நிமிடம். முதல் தடவை ஸ்கோர் இல்லாமல் ஒலிப்பதிவைக் கேளுங்கள். இரண்டாம் தடவை ஸ்கோரோடு. மூன்றாம் தடவை குழம்பிய இடங்களை மட்டும். பிறகு, அரங்கில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டிய ஐந்து இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். இருபது குறித்தால் அடுத்தது எப்போது வரும் என்று தேடுவதிலேயே கச்சேரி போய்விடும்.

இந்த சிம்பொனியில் கடைசி மூவ்மெண்ட்தான் (படைப்பின் தனித்தனிப் பகுதி ஒவ்வொன்றும் ஒரு மூவ்மெண்ட்) மாணவருக்குப் புதையல். எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ஒரு கருப்பொருள், அதன்மேல் 30 வேரியேஷன் (அதையே மாற்றி மாற்றி வாசிப்பது), பிறகு கோடா என்னும் முடிவுப் பகுதி. முதல் மூன்று மூவ்மெண்டிலும் வாயே திறக்காத டிராம்போன் என்னும் பித்தளைக் குழல்கள் இங்கேதான் நுழைகின்றன. 12ஆவது வேரியேஷனில் தனிப் புல்லாங்குழல் வரும். தாளக்குறி 3/4இலிருந்து 3/2க்கு மாறுவதால் ஒவ்வொரு பாரும் இரட்டிப்பு நீளமாகிறது. எட்டு பார் எண்ணிக்கொண்டே வருபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். முன்கூட்டித் தெரிந்தால் தவறமாட்டீர்கள்.

இடம் எங்கே என்பது பணத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, எதைக் கற்கப் போகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. பெர்லின் பில்ஹார்மனி அரங்கில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் இருக்கைகள் உண்டு; பாடற்குழு இல்லாத நாட்களில் குறைந்த விலைக்கு விற்பார்கள். இசை நடத்துநரின் முகமும் கையும் அப்படியே தெரியும். நடத்துநர் பயிற்சி எடுப்பவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பித்தளைக் கருவிகளும் டிம்பனி முரசும் காதருகே முழங்கும், வயலின் ஒலி எதிர்ப்பக்கம் போய்விடும். பாடகர் தனியாகப் பாடும் கச்சேரிக்கு அங்கே உட்காராதீர்கள். குரல் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும்.

வியன்னா அரசு ஆபரா (இசை நாடக) அரங்கில் 400க்கு மேல் நிற்குமிடங்கள் உண்டு. தரைத்தளத்தில் நடுவே, பின்பக்கம் இருக்கும் நிற்குமிடத்தில் பார்வையும் ஒலியும் இரண்டும் நன்றாக இருக்கும். உள்ளே போனதும் முன்னாலிருக்கும் கம்பியில் ஒரு மெல்லிய துணியைக் கட்டி இடம்பிடிப்பது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதே ஊரில் 1870இல் திறந்த மூசிக்பெரைன் அரங்கின் நிற்குமிடம் பின்சுவரை ஒட்டியது. ஒலி அற்புதம், உயரம் குறைந்தவருக்கு மேடை சரியாகத் தெரியாது. லண்டனில் 1895இல் தொடங்கிய பிராம்ஸ் கச்சேரி வரிசையில் (இசையமைப்பாளர் பிராம்ஸ் அல்ல, உலாவிக்கொண்டே கேட்பது என்ற பொருளில் வந்த பெயர்) ராயல் ஆல்பர்ட் ஹாலில் மேடைக்கு நேர் கீழேயே நிற்கலாம். பிரமாண்டமான அரங்கு அது; ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) போன்ற மெல்லிய ஒலிக் கருவிகளைக் கேட்கச் சின்ன அரங்குக்கே போங்கள்.

நின்று கேட்கும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளாதீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஆபராக்கள் பல நான்கு மணி நேரத்தைத் தாண்டும். ரத்தம் காலில் தங்கித் தலைசுற்றி விழுபவர்கள் உண்டு. எடையைக் கால் மாற்றி மாற்றி வையுங்கள், இடைவேளையில் நடங்கள், ஏதாவது சாப்பிட்டுவிட்டே போங்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரியா அரங்குகளில் மேல்கோட்டையும் பெரிய பையையும் பொருள் பாதுகாப்பறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தாமதமானால் கதவு சாத்திவிடும்; முதல் படைப்பு முடியும்வரை வெளியேதான். மிட்டாய் தேவைப்பட்டால் காகிதத்தை வெளியிலேயே உரித்துவிடுங்கள். தொடையில் தாளம் தட்ட வேண்டாம், பக்கத்து இருக்கைக்கு அது நன்றாகக் கேட்கும்.

கைதட்டல் பற்றி ஒரே விதி: நடத்துநரின் கைகள் இறங்கும்வரை பொறுங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியில் மூன்றாம் மூவ்மெண்ட் ஆரவாரமாக முடியும், அரங்கே தட்டிவிடும். ஆனால் அடங்கி மறையும் நான்காவது இன்னும் பாக்கி. எத்தனை மூவ்மெண்ட் என்று முன்பே பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். ஆபராவில் ஒரு தனிப்பாடல் முடிந்ததும் தட்டுவது தவறல்ல.

அரங்குக்குள் ஸ்கோரைத் திறக்காதீர்கள். பக்கம் புரளும் சத்தம் ஒருபுறம், கண் தாளிலேயே ஒட்டிக்கொள்வது மறுபுறம். வில் எப்படி நகர்கிறது, யார் யாரைப் பார்த்து நுழைகிறார்கள் என்பதெல்லாம் ஸ்கோரில் இல்லை. அதைப் பார்க்கத்தானே நேரில் போகிறோம்?

குறிப்பெடுக்க உள்ளங்கை அளவு நோட்டும் பென்சிலும் போதும். (அழுத்துப் பேனா 'டிக்' என்று கேட்கும்.) இசை நடக்கும்போது எழுதாதீர்கள். இடைவேளையில் ஒற்றைச் சொற்களாக எழுதிவிட்டு, அன்றிரவு தூங்கும் முன் விரித்து எழுதுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் பாதி போய்விடும். தேதி, அரங்கு, எந்த வரிசை, இரண்டாம் வயலின்கள் முதல் வயலின்களுக்குப் பக்கத்திலா எதிரிலா, டபுள் பாஸ் எத்தனை. வேகத்தையும் குறியுங்கள்: கைக்கடிகாரத்தில் 15 நொடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் மெட்ரோனோம் எண் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) கிடைக்கும். இரண்டு மூவ்மெண்டுக்கு மட்டும் செய்தால் போதும், எல்லாவற்றுக்கும் செய்தால் இசை காதில் ஏறாது.

'அருமை', 'உருக்கம்' என்று எழுதாதீர்கள். ஒரு வருடம் கழித்துப் படித்தால் அந்தச் சொற்கள் எதையும் திருப்பித் தராது. 'புல்லாங்குழல் தனியில் மூச்சு மூன்றாம் பாருக்குப் பிறகு. கீழ்ச் சுருதிகளில் ஒலி மெலியவே இல்லை' என்று எழுதினால் அந்த நொடி திரும்ப வரும்.

அன்றிரவே அதே படைப்பின் ஒலிப்பதிவைக் கேட்க வேண்டாம். பழகிய பதிவு, அரங்கில் கேட்டதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இரண்டு நாள் போகட்டும். பிறகு ஸ்கோரைத் திறந்து, குறித்த ஐந்து இடங்களில் எது எதிர்பார்த்தபடி கேட்டது, எது கேட்கவே இல்லை என்று ஓரத்தில் எழுதுங்கள். கேட்காமல் போன இடத்துக்கு உட்கார்ந்த இடமும் காரணமாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே குறியுங்கள்.

கச்சேரி நுழைவுச்சீட்டை நோட்டில் ஒட்டிவைப்பவர்கள் முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சான சீட்டு சில வருடங்களில் வெளிறி வெற்றுத்தாளாகிவிடும்.