அட்டையில் இருக்கும் பெயரை நம்பி எழுதாதீர்கள்

போன வாரம், புதிதாக எழுத வந்திருக்கும் மூன்று பேர் ஒரே ஆல்பத்தைப் பற்றிய மூன்று கட்டுரைகளை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். அமெரிக்க ராப்பர் நாஸின் 'இல்மாட்டிக்', 1994. மூன்றிலும் நாஸ் இருக்கிறார், நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு இருக்கிறது, இருபது வயதில் இப்படி ஒரு ஆல்பமா என்ற வியப்பும் இருக்கிறது. பீட்டை, அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசையை, யார் செய்தார்கள் என்பது மட்டும் ஒன்றிலும் இல்லை. ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய் 'நாஸ் அமைத்த இசை' என்றே எழுதியிருந்தார். படித்ததும் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெட்கமும் வந்தது. ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்துதான் இது.

பெயரில் எழுத்துப் பிழை, பாட்டு வரிசை எண் மாறிப்போவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. இரண்டாவது முறை படித்தால் தானாகக் கண்ணில் படும். எத்தனை முறை படித்தாலும் படாதவைதான் ஆளைக் கவிழ்ப்பவை.

அட்டையில் ஒரு பெயர், உள்ளே வேறு ஆள்

பல வருடங்களுக்கு முன்னால், பழைய ஹிப்-ஹாப் ஆல்பங்களைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்கும் ஒரு மாலை நிகழ்ச்சியை நடத்தினேன். வருகிறவர்களுக்குக் கொடுக்க பதினாறு பக்கத்தில் ஒரு கையேடு. முந்நூறு பிரதிகள், என் சொந்தக் காசு. அதில் 1982-இல் வந்த 'தி மெசேஜ்' பாட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, 'கிராண்ட்மாஸ்டர் பிளாஷின் குரலில் இருக்கும் களைப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் அந்தத் தொனி' என்றெல்லாம் உருகி உருகி எழுதியிருந்தேன்.

பாட்டு ஓடி முடிந்ததும் இரண்டாவது வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"பிளாஷ் இந்தப் பாட்டுல எங்க வர்றார்?"

"இப்ப கேட்டோமே சார், அந்தக் குரல்தான்."

"அது மெலி மெல், தம்பி. பிளாஷ் டிஜே. அவர் தட்டு சுத்துறவர்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. உறையில் இருந்த பெயர் 'கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ்'. ஆனால் அந்தப் பாட்டில் ராப் செய்வது இரண்டே பேர்: குழுவிலிருந்து மெலி மெல், அப்புறம் குழுவிலேயே இல்லாத டியூக் பூட்டி. பாட்டின் கரு டியூக் பூட்டியுடையது. இசைத்தட்டை வெளியிட்ட ஷுகர் ஹில் நிறுவனத்தின் சில்வியா ராபின்சன்தான் இதைச் செய்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். பிளாஷுக்கு முதலில் இதில் விருப்பமே இருக்கவில்லை. அவர் இதில் ஒரு வரிகூட ராப் செய்யவில்லை, தட்டும் சுற்றவில்லை. வீடியோவைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். டியூக் பூட்டியின் குரலுக்கு அதில் வாயசைப்பவர் குழுவிலிருந்த ரஹீம். நான் அந்த வீடியோவை இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

மறுநாள் உட்கார்ந்து திருத்தச் சீட்டு அச்சடித்து, மிச்சம் இருந்த பிரதிகளில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். பசை காயாமல் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாதி வீணாகிப் போனது. காசு போனதைக்கூட மறந்துவிட்டேன். இல்லாத ஒருவர் குரலில் களைப்பைக் கண்டுபிடித்து எழுதினேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இதில் வரலாற்றுக் காரணம் ஒன்றும் உண்டு. ஹிப்-ஹாப் தொடங்கியது டிஜேக்களிடமிருந்து. 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்துகளில் கூட்டம் வந்தது தட்டு சுற்றுகிறவருக்காக. மைக் பிடித்தவர் அவருக்குத் துணை. அதனால்தான் பழைய பெயர்களில் டிஜே முன்னால் நிற்கிறார்: பிளாஷ் அப்படித்தான், 'எரிக் பி அண்ட் ரக்கிம்' அப்படித்தான். பிறகு ராப்பர் முன்னால் வந்து, டிஜே அட்டையிலிருந்தே காணாமல் போனார். ஆக, முதல் பெயர் யாருடையது என்பதைக் காலம்தான் முடிவு செய்திருக்கிறது. உள்ளே யார் எவ்வளவு உழைத்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

வரிகளிலும் இதே கதை. 1979-இன் 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டில் பிக் பேங்க் ஹாங்க் பாடும் வரிகளில் பல, வேறொரு ராப்பரான கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. ஹாங்க் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும் இடத்தில் வருவதுகூட 'காஸனோவா' என்ற காஸின் பட்டப்பெயர்! அதைக்கூட மாற்றவில்லை. காஸ் பெயர் பாட்டில் எங்கும் போடப்படவுமில்லை. இது தெரியாமல் ஹாங்கின் சொல் திறமையைப் புகழ்ந்தால், திருட்டு நகைக்குப் பாராட்டு விழா நடத்துவது போலத்தான்.

பெரிய பரிசு வாங்கிய ஆல்பங்களுக்கும் இது பொருந்தும். 1998-இல் வந்த 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்', 1999 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதைப் பெற்றது. ஹிப்-ஹாப் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அதே ஆல்பத்தில் தங்கள் உழைப்புக்கு உரிய பெயர் போடவில்லை என்று 'நியூ ஆர்க்' குழுவின் நான்கு இசைக்கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2001-இல் அது சமரசத்தில் முடிந்தது. லாரின் ஹில்லின் குரலும் எழுத்தும் இதனால் ஒரு துளியும் குறைந்துவிடாது. ஆனால் 'எல்லாமே தனியாளாகச் செய்தார்' என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, 'இல்மாட்டிக்'குக்கு வருவோம். பத்து டிராக். முதலாவது ஒரு முன்னுரை போல. மிச்சம் ஒன்பதில் மூன்று டிஜே பிரீமியர், மூன்று லார்ஜ் புரொஃபசர், ஆளுக்கொன்று பீட் ராக், கியூ-டிப், எல்.இ.எஸ். ஐந்து பேர் பட்டறையிலிருந்து வந்த பீட்டுகள் அவை. அதில் 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பியானோ, ஜாஸ் கலைஞர் அகமது ஜமால் 1970-இல் வெளியிட்ட ஆல்பத்தில் வாசித்தது. ஒரு நீண்ட வாசிப்பின் நடுவிலிருந்து சில நொடிகளைக் கத்தரித்து எடுத்து, கீழே டிரம்மைப் போட்டு, அது முடியும் இடமும் தொடங்கும் இடமும் தெரியாதபடி சுற்றவிட்டவர் பீட் ராக். ஹூக்கில், அதாவது திரும்பத் திரும்ப வரும் பகுதியில், கேட்கும் அந்தச் சற்றே கரகரத்த குரலும் அவருடையதுதான். (தமிழில் எழுதும்போது அவர் பெயரும் தொழிலும் ஒரே எழுத்தில் அமைந்துவிட்டது, அதிர்ஷ்டக்காரர்.) இன்னொரு பாட்டின் கடைசியில் டிரம்பெட் போன்ற ஒரு கார்னெட் ஒலிக்கும். வாசிப்பவர் ஓலு டாரா, நாஸின் அப்பா. மகன் இளமை போய்விடுவதைப் பற்றிப் பேசி முடித்ததும் அப்பாவின் மூச்சு வந்து பாட்டை மூடுகிறது. இதை விட்டுவிட்டு 'இசை அருமை' என்று ஒரு வரியில் கடந்துபோக எப்படி மனசு வருகிறது?

இப்போதெல்லாம் ஒரு பத்தி எழுதுவதற்கு முன்பே ஆல்பத்தின் பெயர்ப் பட்டியலை எடுத்துவைத்து, ஒவ்வொரு டிராக்குக்கும் நோட்டில் மூன்று குறிப்பு எழுதிவிடுகிறேன்: பீட் யார், வரிகள் யார், வேறு குரல் யார். ஒரு எச்சரிக்கை. எழுதியவர்கள் பட்டியலில் பழைய பாடகர் ஒருவர் பெயரைப் பார்த்ததும் அவர் ஸ்டூடியோவுக்கு வந்து பாடிக்கொடுத்தார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் பாட்டிலிருந்து சாம்பிள், அதாவது ஒரு துண்டு ஒலி, எடுத்திருந்தாலே பெயர் போடுவார்கள். இறந்து பல வருடமான ஒருவரை இப்படி ஒருவர் ஸ்டூடியோவுக்கு வரவழைத்ததை நானே திருத்தியிருக்கிறேன்.

'தயாரிப்பாளர்' என்ற சொல்

மேலே சொன்ன தவறுக்குப் பாதிக் காரணம் இந்த ஒரு சொல். தமிழில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். படம் ஓடினால் லாபம், ஓடாவிட்டால் தலையில் துண்டு. அதனால் 'டிஜே பிரீமியர் தயாரித்த பாட்டு' என்று எழுதினால், பிரீமியர் ஏதோ செக் எழுதிக் கொடுத்தார் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். ஹிப்-ஹாப்பில் புரொட்யூசர் என்றால் பெரும்பாலும் பீட்டைக் கட்டியவர். 'இசையமைப்பாளர்' என்று போட்டாலும் ஆர்மோனியப் பெட்டியோடு ஒருவர் மனசில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். நான் 'பீட் செய்தவர்' என்றே எழுதுகிறேன். எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர் என்பது வேறு. ஆல்பத்தை மொத்தமாக மேற்பார்த்து முடித்துக் கொடுத்தவருக்கு அந்தப் பெயர்.

ஷஃபிளில் (பாட்டு வரிசையைக் கலைத்து) கேட்டுவிட்டு எழுதுவது

வேண்டாம்.

ஸ்கிட்டைத் தாண்டிப் போவது

பாட்டுக்கு நடுவே வரும் பேச்சு, போன் ஒலி, கதவுச் சத்தம் இதையெல்லாம் 'இடைச்செருகல்' என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். கென்ட்ரிக் லாமாரின் 'குட் கிட், மேட் சிட்டி' ஆல்பத்தில் (2012) அப்படித் தள்ளினால் கதையே போச்சு. அம்மா போனில் தன் வேனைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறார், பின்னால் அப்பா தன் டாமினோக் கட்டைகள் எங்கே என்று கத்துகிறார். முதலில் சிரிப்பு வரும். கடைசியில் அதே அப்பா, ஆளைக் கொல்ல யாராலும் முடியும், பொறுப்பைச் சுமப்பதுதான் நிஜமான ஆண்மை என்கிற பொருளில் பேசும்போது, அந்த டாமினோ சிரிப்பைக் கேட்டவருக்குத்தான் தொண்டை அடைக்கும். போதாததற்கு இந்த ஆல்பத்தில் சம்பவங்கள் நடந்த வரிசையில் வருவதில்லை. எது முன், எது பின் என்று ஒட்டுப்போட உதவுவதே இந்தப் பேச்சுத் துண்டுகள்தான்.

'நான்' என்றால் ராப்பரே என்று எடுத்துக்கொள்வது

அதே ஆல்பத்தின் பன்னிரண்டு நிமிடப் பாட்டில் முதல் வெர்ஸில், அதாவது முதல் பகுதியில், 'நான்' என்பது செத்துப்போன நண்பனின் சகோதரன். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கிச் சத்தம் வாக்கியத்தை வெட்டுகிறது. இரண்டாவதில் 'நான்' ஒரு பெண். நான் மறைந்துபோகமாட்டேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்க, குரல் தேய்ந்து தேய்ந்து மறைகிறது. இரண்டையும் கென்ட்ரிக்கின் வாழ்க்கைக் குறிப்பாக எழுதிய ஒரு கட்டுரையை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள்?

ஆல்பம் வெளியான அன்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது என்று நம்பாதீர்கள். 1991-இல் ராப்பர் பிஸ் மார்க்கி வழக்கில், அனுமதி இல்லாமல் சாம்பிள் எடுப்பது திருட்டு என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னதற்கு அப்புறம் ஆட்டமே மாறிவிட்டது. பப்ளிக் எனிமி குழு 1988-இல் செய்ததைப் போலச் சாம்பிள் மேல் சாம்பிளாக அடுக்குவது கட்டுப்படியாகாத வேலை ஆனது. டி லா சோலின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' 1989-இல் வந்தும், 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கவில்லை. குழுவின் டேவ் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இறந்துபோனார். நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.-யின் 'ரெடி டு டை' (1994) 2006-இல் ஒரு சாம்பிள் வழக்கில் சிக்கி, அதன் தலைப்புப் பாட்டின் இசையே பிற்காலப் பதிப்புகளில் மாறிப்போனது. பழைய தட்டு வைத்திருப்பவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு 'நீ கேட்டது வேறு பாட்டு' என்று சொன்னால் பதில் இருக்காது.

தலைப்பில் உள்ள எண் வெளியான ஆண்டு அல்ல

டாக்டர் டிரேயின் '2001' வந்தது 1999-இல். அதிலிருக்கும் 'ஸ்டில் டி.ஆர்.இ.' பாட்டில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் வரிகளை எழுதியது ஜே-ஸீ.

'இறந்தபின் வந்த ஆல்பம்'

பீட் செய்தவரான ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' அப்படி அல்ல. 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-ஆவது பிறந்தநாளில் வந்தது. அவர் இறந்தது 10-ஆம் தேதி.

டூம்

ராப்பர் எம்.எஃப். டூமின் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அடித்துக்கொள்வார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 'மேட்வில்லனி' (2004) பற்றி எழுதும்போது வேறு தொல்லை உண்டு. அட்டையில் தெரிவது டூமின் உலோக முகமூடி மட்டும். ஆல்பமோ 'மேட்வில்லன்' என்ற இருவர் கூட்டணியுடையது, பீட்டுகள் மேட்லிப் செய்தவை. முதலில் சொன்ன அந்த மூன்று பேரில் ஒருவர் அடுத்து இதைப் பற்றித்தான் எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். மேட்லிப் பெயர் எத்தனையாவது பத்தியில் வருகிறது என்று எண்ணிப்பார்க்கக் காத்திருக்கிறேன்.