ரசீதில் இன்னும் அப்பாவின் பெயர்: மும்பை பகடி வீட்டில் வாடகை உரிமை கைமாறும்போதும் முடியும்போதும் செய்ய வேண்டியவை

மாட்டுங்கா, தாதர், சயான் பகுதிகளின் பழைய சால்களில் (வரிசையாகச் சிறு அறை வீடுகள் கொண்ட கட்டடங்களில்) மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், வாடகை ரசீது இன்னமும் மறைந்துபோன தாத்தாவின் பெயரிலேயே வந்துகொண்டிருப்பது புதிதல்ல. மாதம் சில நூறு ரூபாய்தானே, வீட்டுக்காரரும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறாரே என்று இருந்துவிடுகிறோம். கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போகும் நாளில்தான், குடியிருப்போர் பட்டியலில் யார் பெயரை எழுதுவது என்ற கேள்வி எழுகிறது. எங்கள் வீட்டில் அப்பா காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆன பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஒரே வாரத்தில் சேர்த்திருக்கக்கூடிய காகிதங்களைத் தேடி இரண்டு ஆண்டுகள் அலைந்தோம். அந்த அலைச்சல் இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீடு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தனியார் கட்டடத்தில், பகடி (குடியேறும்போது மொத்தமாகக் கொடுக்கும் தொகை) கொடுத்தோ கொடுக்காமலோ, பல ஆண்டுகளாக வாடகைக்கு இருப்பவர்களைக் காப்பது 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது 2000 மார்ச் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுக்கோ மாநகராட்சிக்கோ சொந்தமான வீடுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே ஒதுக்கீட்டு ஆணையின் நிபந்தனைகளே செல்லும் என்பதால், குடியிருப்பவர் இறந்ததும் அந்த அலுவலகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் தங்க அனுமதி மட்டும் தரும், பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொள்ளும் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் வேறு சங்கதி. அதில் காலம் முடிந்ததும் காலி செய்ய வேண்டும்; செய்யாவிட்டால் இரண்டு மடங்கு கட்டணம் செலுத்த நேரிடும். இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "பழைய காகிதத்தைப் புதுப்பிக்கிறோம்" என்று சொல்லிப் பகடி வீட்டில் குடியிருப்பவரிடம் லீவ் அண்ட் லைசென்ஸ் பத்திரத்தில் கையெழுத்து வாங்க முயல்வதை நானே பார்த்திருக்கிறேன். படிக்காமல் அதில் கையெழுத்திட்டால், தலைமுறைகளாக இருந்துவந்த பாதுகாப்பை நாமே கைவிட்டதாக வாதிட இடம் கொடுத்துவிடுவோம்.

வாடகைதாரர் இறந்த பிறகு

இந்த இடத்தில்தான் நம் மக்களிடையே தவறான எண்ணங்கள் மிகுதி. மூத்த மகனுக்குத்தான் உரிமை என்று ஒரு சாராரும், சொந்த வீட்டைப் போல எல்லா வாரிசுகளுக்கும் சமபங்கு என்று மற்றொரு சாராரும் நினைக்கிறார்கள். சட்டத்தின் 7ஆம் பிரிவு வேறுவிதமாகச் சொல்கிறது: வாடகைதாரர் இறக்கும்போது அவருடன் அந்த வீட்டில் சேர்ந்து வாழ்ந்த குடும்ப உறுப்பினரே அடுத்த வாடகைதாரர் ஆகிறார், அப்படி ஒருவரும் இல்லாதபோதுதான் வெளியே வாழும் வாரிசுகளின் பேச்சு வருகிறது. குடும்பத்துக்குள் உடன்பாடு ஏற்படாவிட்டால் நீதிமன்றம் முடிவு செய்யும். ஆகவே கல்யாணமாகாமல் பெற்றோருடனேயே இருந்து அவர்களைக் கவனித்துக்கொண்ட மகள், துபாயிலோ திருநெல்வேலியிலோ குடும்பம் நடத்தும் அண்ணன்மாருக்கு முன்னால் நிற்கிறாள். உயில் எழுதிவைத்தும் இந்த வரிசையை மாற்றிவிட முடியாது. 1947ஆம் ஆண்டின் பழைய பம்பாய் வாடகைச் சட்டத்தில் இதே போன்று அமைந்திருந்த விதியைப் பொறுத்து, வாடகை உரிமையை உயில் மூலம் கொடுக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்திருக்கிறது.

எனவே, எல்லாவற்றையும் தீர்மானிப்பது "சேர்ந்து வாழ்ந்தேன்" என்பதற்கான சான்று. இறந்த தேதிக்கு முன்பிருந்தே அந்த முகவரியைக் காட்டும் ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக், எரிவாயு இணைப்புப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை இறப்புச் சான்றிதழுடன் ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். பழைய வாடகை ரசீதுகளையும் பெஸ்ட் மின்கட்டணப் பில்களையும் ஒருபோதும் தூக்கி எறியாதீர்கள். உடன்பிறந்தவர்களிடம் ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தை நோட்டரி முன்னிலையில் எழுதி வாங்குவதும் நல்லது. துக்கம் ஆறாத நாட்களில் அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் உறவு நல்லபடியாக இருக்கும்போதே கேட்பதுதான் அந்த உறவையும் காப்பாற்றும். பிறகு, பெயரை மாற்றி ரசீது தரும்படி வீட்டுக்காரருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலையும் அஞ்சல் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் பெருந்தொகை கேட்கப்படலாம். பகடி வீட்டை வெளியாளுக்கு மாற்றும்போது வீட்டுக்காரர் பணம் பெறுவதைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கோ உரிமை சட்டத்தின் வழியாகவே வருகிறது. ரசீதில் பெயர் மாறுவது அதன் பதிவு மட்டுமே. அவர் மாற்ற மறுத்தாலும் உங்கள் உரிமை அழிவதில்லை. நீங்களே வாடகைதாரர் என்று அறிவிக்கக் கோரி தோபி தலாவில் இருக்கும், வாடகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் காஸஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம்.

நம் பக்கத்துக் கடமைகள்

உரிமையைப் பேசுபவர் கடமையில் தவறினால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும். வாடகையை மாதந்தோறும் தடம் இருக்கும் வழியில் செலுத்துங்கள். ரசீது கொடுப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. நிலுவை ஏற்பட்டால், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 90 நாட்கள் கழிந்த பின்னரே அவர் வழக்குப் போட முடியும். வழக்கின் சம்மன் கிடைத்த 90 நாட்களுக்குள் நிலுவை முழுவதையும் ஆண்டுக்கு 15 சதவீதத் தனிவட்டியுடன் நீதிமன்றத்தில் கட்டி, வழக்கு முடியும்வரை தவறாமல் செலுத்திவந்தால் அந்தக் காரணத்துக்காக உங்களை வெளியேற்ற இயலாது. அந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள் பட்ட பாடு பெரிது. ஆகவே சம்மன் கைக்கு வந்த நாளையே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எழுப்புவதும் உள்வாடகைக்கு விடுவதும் வெளியேற்றத்துக்குக் காரணமாகும். மரத்தடுப்பு, சமையல் மேடை, ஏசி, காற்றோட்டத்துக்கான ஜன்னல் போன்றவற்றுக்கு, தேவைப்படும் இடத்தில் மாநகராட்சியின் அனுமதியைப் பெற்றிருந்தால், வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டியதில்லை. நம் குடும்பங்கள் அதிகம் சிக்குவது வேறொன்றில்: தக்க காரணம் இன்றித் தொடர்ந்து ஆறு மாதங்கள் வீட்டைப் பயன்படுத்தாமல் விட்டால் அதுவும் ஒரு காரணம் ஆகிவிடும். ஓய்வுக்குப் பிறகு ஊரில் போய் இருந்துகொண்டு, கோலியை (அறையை) பூட்டியே வைத்திருக்கும் பெரியவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நோயோ சிகிச்சையோ காரணம் என்றால் மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

காலி செய்யும்போது

நீங்களாகவே விட்டுப்போவதானால், பேச்சை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள். தொகை, தேதி, யாரெல்லாம் கையெழுத்திட வேண்டும் என்பதையெல்லாம் எழுதிப் பதிவுசெய்த பின்னரே ஒப்படையுங்கள். கோபத்தில் "காலி செய்கிறேன்" என்று கடிதம் எழுதுவது ஆபத்தானது. அதை நம்பி வீட்டுக்காரர் வீட்டை விற்கவோ வேறொருவருக்கு விடவோ ஒப்பந்தம் செய்துவிட்டால், அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான ஆயுதமாகும். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்து வெளியேற நெருக்குவது சட்டவிரோதம். 29ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தை அணுகி இணைப்பைத் திரும்பப் பெறலாம்.

கட்டடம் ஆபத்தானது என்று மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டினால் உயிருக்கு அஞ்சி வெளியேறத்தான் வேண்டும். அதில் பிடிவாதம் கூடாது. ஆனால் கட்டடம் இடிக்கப்பட்டாலும் வாடகை உரிமை தொடரும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்திருக்கிறது. வெளியேறும் முன் குடியிருப்போர் பட்டியலில் உங்கள் பெயரும் வீட்டின் கார்பெட் பரப்பும் (சுவர்களுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பார்த்து, அதன் நகலை வாங்குங்கள். அளவெடுக்கும்போது நீங்களும் அருகில் நின்று, வீட்டைப் படம் எடுத்துவையுங்கள். செஸ் கட்டடமாக (பழுதுபார்ப்புக்கான வரி கட்டும் பழைய கட்டடமாக) இருந்து, மும்பை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின் 33(7) விதியின் கீழ் மறுகட்டுமானம் நடந்தால், தகுதியுள்ள ஒவ்வொரு வாடகைதாரருக்கும் குறைந்தது 300 சதுர அடி கார்பெட் பரப்புள்ள வீடு கிடைக்க வேண்டும். பில்டருடன் செய்யும் நிரந்தர மாற்று வீட்டு ஒப்பந்தத்தில் பரப்பு, தளம், கட்டி முடிக்கும் தேதி, அதுவரை வேறிடத்தில் தங்குவதற்காக மாதந்தோறும் தரப்படும் டிரான்சிட் வாடகை எல்லாம் இருக்க வேண்டும்; அது பதிவுசெய்யப்படும்வரை வீட்டுச் சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள். போகும்போது அந்தக் கோப்பை எடுத்துச் செல்லுங்கள், எல்லாவற்றிலும் மூத்த ரசீது மேலே இருக்கும்படி அடுக்கி.