ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணை இருக்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவில், பினாங்கு அரசாங்க ஆஸ்பத்திரி வார்டுகளில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்னமும் யாராவது வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "அக்கா, அம்மாவுக்கு மருந்த மாத்திக் கொடுத்துட்டாங்கபோல, எங்க போய்ச் சொல்றது?" எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது, எழுதி வைத்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். அப்புறம் யாரிடம் போய் எதை வைத்துப் பேசுவது?

அதனால் பிளாஸ்க்கும் போர்வையும் எடுத்து வைக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பையில் போடுங்கள். தேதி, மணி, வந்தவர் பெயர், சொன்னது, கொடுத்த மருந்து, இவ்வளவு போதும். கைப்பேசியில் எழுதினால் அது உங்களோடு வீட்டுக்குப் போய்விடும். நோட்டு என்றால் கட்டில் பக்கத்து லாக்கரிலேயே இருக்கும், ராத்திரி இருக்க வரும் தம்பியும் தொடர்ந்து எழுதலாம். அம்மா வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்சுலினும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினும் அளவு கொஞ்சம் தவறினாலே ஆபத்து. நாட்டு மருந்து, லேகியம் எதையும் மறைக்காதீர்கள், டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

நம் ஆட்களுக்குப் பெயரில்தான் பெரிய சிக்கல். ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி இருப்பது சர்வ சாதாரணம். ஒருநாள் மத்தியான மருந்து நேரம். எட்டாம் கட்டில் லெட்சுமிக்கு வந்த ஊசியைப் புது மிஸ்ஸி ஒருத்தி பதினோராம் கட்டிலுக்குக் கொண்டுபோய், "லெட்சுமியா?" என்றாள். அந்த அம்மாவுக்குக் காது மந்தம், யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஆட்டினார். பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மகள்தான், "மிஸ்ஸி, கைப்பட்டையில ஐசி நம்பர் பாருங்களேன்" என்றாள். கைப்பட்டையில் ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பர் 48 என்று தொடங்கியது, மருந்துத் தாளில் 53. ஐசியின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு இல்லையா, பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஊசி திரும்பிப் போனது.

பெயர், ஐசி நம்பர் இரண்டையும் ஒத்துப் பார்ப்பதுதான் முறை. ஊசி, ரத்தம் ஏற்றுதல், ரத்தம் எடுத்தல், ஆபரேஷன், எதுவானாலும் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல மிஸ்ஸி கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

அடுத்தது ஆபரேஷன் தாளில் கையெழுத்து. டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ விளக்குவார், பேரப்பிள்ளை பாதியை விழுங்கிவிட்டு "ஒன்னும் இல்ல பாட்டி, சின்ன ஆபரேஷன்" என்பான். இது கூடாது. தமிழ் தெரிந்த டாக்டரையோ மிஸ்ஸியையோ கூப்பிடச் சொல்லுங்கள். எதற்காகச் செய்கிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், என்னென்ன ஆபத்து வரலாம், கத்தி பிடிக்கப் போவது யார் என்று கேளுங்கள். 1982-இல் கழுத்தில் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு உடல் செயலிழந்த ஃபூ ஃபியோ நா என்ற பெண்ணின் வழக்கு 2006 கடைசியில்தான் நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டான கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. நோயாளி முடிவெடுக்கத் தேவையான ஆபத்துகளை டாக்டர் சொல்லியே ஆகவேண்டும், மற்ற டாக்டர்களும் சொல்வதில்லை என்பது சாக்கு ஆகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சரி, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தோன்றுகிறது. எல்லாக் கெட்ட விளைவும் கவனக்குறைவால் வருவதல்ல, ஒழுங்காகச் செய்த ஆபரேஷனிலும் சீழ் பிடிக்கும். அதனால் சத்தம் போடாமல் அன்றைக்கே வார்டு சிஸ்டரிடம் சொல்லி, பெரிய டாக்டரோடு குடும்பம் உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். டிக்டாக்கில் டாக்டர் முகத்தைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பினால் அம்மாவின் விஷயம் மூலையில் கிடக்கும். அதைவிட, மருத்துவ அறிக்கைக்கு மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் அங்கேயே எழுத்தில் புகார் கொடுங்கள், சுகாதார அமைச்சின் 'சிஸ்பா' தளத்திலும் கொடுக்கலாம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களே புகாரைக் கேட்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், பதில் சரியில்லை என்றால் அமைச்சுக்குப் போகலாம். டாக்டரின் நடத்தையை விசாரிப்பது மலேசிய மருத்துவ மன்றம். அவர்கள் பெயரை நீக்கலாம், தடை போடலாம், ஆனால் உங்களுக்கு நஷ்டஈடு தரமாட்டார்கள். அதற்குக் கோர்ட்தான், கோர்ட்டில் வேறொரு நிபுணரின் கருத்தும் வேண்டும்.

கெடுவை மறக்காதீர்கள். தனியார் மேல் வழக்குப் போட பொதுவாக 6 ஆண்டு, அரசாங்க ஆஸ்பத்திரி மேல் 36 மாதம்தான். உயிர் போயிருந்தால், அவரை நம்பியிருந்த குடும்பம் இழப்பீடு கேட்க இறந்த நாளிலிருந்து 3 ஆண்டு. புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தே நாள் ஓடிவிடும்.

இன்னொன்று, சொல்லவே கஷ்டமானது. சாவில் சந்தேகம் இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். முதலில் போலீஸ் ரிப்போர்ட், போஸ்ட்மார்ட்டம் வேண்டும் என்று டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். பத்து லஞ்சாங் சுடுகாட்டில் தகனம் முடிந்துவிட்டால் காரணம் கண்டுபிடிக்க எந்த டாக்டராலும் முடியாது.

மலாயில் கடிதம் எழுத வராது என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள், தமிழிலேயே பேசலாம். நகல்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள். அசலை யார் கேட்டாலும், வக்கீலே கேட்டாலும், எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள்.