தோழிகளாக மொரீஷியஸ் வருகிறீர்களா? வாடகை ஒப்பந்தத்தில் எல்லார் பெயரும் இருக்கட்டும்

ரிட்டையர் ஆனதும் தோழிகள் சேர்ந்து மொரீஷியஸில் இருந்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு இது. ரிட்டையர் ஆனவர்களுக்கான குடியிருப்பு அனுமதிக்கு வயது 50 ஆகியிருக்க வேண்டும். மாதாமாதம் குறிப்பிட்ட டாலர் தொகை வெளிநாட்டிலிருந்து இங்குள்ள கணக்குக்கு வர வேண்டும். ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே உண்டு. விண்ணப்பம் பொருளாதார மேம்பாட்டு வாரியத்துக்கு, ஆன்லைனில். கிடைத்தால் 10 வருஷம். டாலர் தொகையை மட்டும் விண்ணப்பிக்கும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இடிப்பது வேறு இடத்தில். கணவன் மனைவி என்றால் ஒருவர் அனுமதி வாங்கி மற்றவரைச் சார்ந்தவராகச் சேர்த்துவிடலாம். தோழியை அப்படிச் சேர்க்க முடியாது. காலமெல்லாம் ஒரே ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைப் பகிர்ந்திருந்தாலும் இங்கே நீங்கள் தனித்தனி ஆள். ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு வரவு.

எங்களோடு வந்த கணக்கு டீச்சரிடம் ஏஜென்ட், "வீட்டு ஒப்பந்தம் ஒருத்தர் பேரில் போதும் அம்மா, பணமும் ஒரே கணக்குக்கு வரட்டும்" என்றார். ஒப்பந்தம், கரண்ட் பில் எல்லாம் எங்களில் மூத்தவர் பேரில் போனது. அப்புறம் டீச்சர் தன் பேரில் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனால் முகவரிச் சான்று எங்கே என்று கேட்டார்கள். அதற்குள் அவருடைய பணமெல்லாம் மூத்தவர் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. காகிதத்தில் டீச்சருக்கு வரவு என்றே ஒன்று இல்லை! வக்கீல், நோட்டரி, கடிதம் என்று அலைந்த செலவில் ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம். ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை.

ஊர்ப் பக்கத்திலும் ஒரு பிடி இருக்கிறது. எல்லார் பணத்தையும் இந்தியாவில் ஒருத்தர் கணக்கிலிருந்து அனுப்பினால் நிதியாண்டில் 10 லட்சத்தைச் சீக்கிரமே தாண்டிவிடும். அதற்கு மேல் போவதில் வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கும், வருமான வரி ரிட்டர்ன் போட்டுத்தான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்காரர் முணுமுணுத்தால் வேறு வீடு பாருங்கள்.

மற்றபடி, மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறையே உண்டு. ஆனால் கோயிலில் பக்கத்தில் நிற்கிறவர் பெயர் தமிழாக இருக்கும், பேச்சு இங்குள்ளவர்களின் பேச்சுமொழியான கிரியோலாக இருக்கும். கொஞ்சமாவது கற்றுக்கொண்டு வாருங்கள். எங்கள் மூத்தவர் சந்தையில் முருங்கைக் கீரையைக் கைகாட்டியே வாங்கிவிடுகிறார், பேரம்தான் படியவில்லை.