தாத்தா வீட்ட மியூசியமா வைக்கணும்னா முதல்ல எதையும் நகத்தாதீங்க

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், ஏழுகிணறு பக்கம் இன்னும் தாத்தா காலத்து வீட வச்சிருக்கறவங்க இருக்கீங்க, பிளாட் கட்ட குடுத்துடலாமான்னு ஒரு பக்கம் பேச்சு ஓடும், இன்னொரு பக்கம் மனசு வராது. விக்காம, பூட்டியும் போடாம, நாலு பேர் வந்து பாக்கற மாதிரி வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா இத படிங்க. எங்க வீட்ல மூணு வருஷமா இதத்தான் பண்ணிட்டு இருக்கோம்.

முதல் வேலை சுத்தம் பண்றது இல்ல. ஒரு பொருளயும் நகத்தாம ஒவ்வொரு ரூம் வாசப்படிலயும் நின்னு போன்ல போட்டோ எடுங்க, நாலு சுவரு, தரை, மேல உத்தரம், மாடக்குழி உள்ள கூட விடாதீங்க. அப்புறம் வீட்லயே வயசான ஆள அந்தந்த ரூம்லயே உக்கார வச்சு ரெக்கார்டர ஆன் பண்ணுங்க. எங்க ஆயாவ ஹால்ல வச்சு கேட்டப்ப "என்னாத்த சொல்றது, எல்லாம் பழைய சாமான்தான்"னுட்டாங்க. அடுப்பாங்கரைல உக்கார வச்சதும் சுவத்துல ஒரு ஆணிய காட்டுனாங்க. தாத்தா பின்னி மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சு வந்து கேரியர அதுலதான் மாட்டுவாராம், 1996ல மில்ல மூடுனப்புறம் வேற எதையும் அதுல மாட்ட விடலயாம். பெயிண்ட் அடிக்கறதுக்காக அந்த ஆணிய பிடுங்கத்தான் இருந்தோம் நாங்க.

அடுத்தது சுவரும் கூரையும், காசு போற இடம் இதுதான். நம்ம பக்கத்து பழைய வீடுங்க நிறைய மெட்ராஸ் டெரஸ். தேக்கு சட்டத்து மேல மெல்லிசான சின்ன செங்கல்ல நிக்க வச்சு குறுக்குசாய்வா சுண்ணாம்புல பதிச்சு, அதுமேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிச்சு, கடைசியா தட்டு ஓடு, கம்பியே கிடையாது. சுண்ணாம்பு சுவத்துல ஈரம் ஏறுனாலும் காத்துல காஞ்சு வெளிய வந்துடும், அதுமேல சிமெண்ட் பூசினா உள்ளயே மாட்டிக்கும். எங்க வீட்ல ஒரு கான்ட்ராக்டர் ஒரு சுவத்துக்கு சிமெண்ட் பூசிட்டாரு, அடுத்த மழைக்கே ஓதம் ஏறி உப்பு பூத்து, கைய வச்சா விரல்ல செங்கல் மாவு ஒட்டுது, மொத்தத்தையும் கொத்தி எடுத்துட்டு திரும்ப சுண்ணாம்பு பூச வேண்டியதா போச்சு. அதனால கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணில சுண்ணாம்பு குழைக்கத் தெரிஞ்ச கொத்தனாரா தேடுங்க, கிடைக்க நாளாகும், காத்திருங்க. பிளாஸ்டிக் பெயிண்ட் வேணவே வேணாம், வெள்ளை அடிச்சா போதும். மழைக்கு முன்னாடி முற்றத்து ஜலதாரைய பாத்துடுங்க, சட்டம் சுவத்துக்குள்ள போற முனைல கரையான் இருக்கான்னு தட்டிப் பாருங்க.

பொருளுக்கெல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டு போதும். நம்பர், எங்க இருந்துச்சு, யார் வச்சிருந்தாங்க, யார் சொன்னது. நம்பர ஸ்டிக்கர்ல ஒட்டாம பருத்தி நூல்ல சீட்டு கட்டி விடுங்க. பித்தளை பாத்திரத்த புளி போட்டு பளபளன்னு தேய்க்காதீங்க ப்ளீஸ், விளிம்புல புள்ளி புள்ளியா பேர் வெட்டி இருக்கும் பாருங்க, எங்க அண்டால கொள்ளுப்பாட்டி பேர் இருந்த இடத்துல இப்ப மூணு எழுத்துதான் தெரியுது. பழைய பத்திரம், சம்பளச் சீட்டு, கல்யாண போட்டோ எதையும் லேமினேஷன் பண்ணாதீங்க, அப்புறம் பிரிக்க முடியாது. ஸ்கேன் பண்ணிட்டு ஒரிஜினல வெயில் படாம வைங்க. ஓலைச்சுவடி இருந்தா நீங்களே எண்ணெய் தடவாம தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டுன கலைப்பொருள், 75 வருஷம் தாண்டுன முக்கியமான சுவடி எல்லாம் தொல்பொருள் கணக்குல வரும், வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க நினைவுக்குன்னு கேட்டாலும் குடுத்து அனுப்ப முடியாது.

பங்காளிங்க சம்மதத்த வாய்ப்பேச்சா விடாம எழுதி வாங்கிடுங்க, வரி, கரண்ட் பில் யார் கட்டறதுங்கறதும் அதுலயே வரட்டும்.

ஆள் வர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஏழுகிணறு வீராசாமி தெருவுல வள்ளலார் இருந்த வீட்ட ஒரு தடவ போய் பாத்துட்டு வாங்க. சின்ன வயசுல இருந்து 1858 வரைக்கும் சென்னைலதான் இருந்தாரு, அந்த வீட்ல கண்ணாடி முன்னாடி உக்காந்து முருகனக் கண்டாருன்னு சொல்லுவாங்க. ஒரு ரூமும் அதுல நடந்ததும் சேந்துதான் ஜனங்கள வர வைக்குது, கண்ணாடி பெட்டிக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி இத யோசிங்க.

முதல் தடவ திறக்க ஆகஸ்ட் 22, மெட்ராஸ் டே வாரம் நல்ல நேரம். ஒரு தடவைக்கு எட்டு பேருக்கு மேல விடாதீங்க, மாடிக்கு நாலு பேர். பொருள் பக்கத்துல வைக்கற அட்டைல வீட்டாளுங்க பேசுன மாதிரியே எழுதுங்க, எங்க அடுப்பாங்கரைல "இந்த ஆணில கேரியர் மட்டுந்தான் மாட்டுவாரு, ஆயா சொன்னது"ன்னு இருக்கு. மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ஆயா தாழ்வாரத்துல படுப்பாங்க, அப்ப மட்டும் கதவ சாத்திடுவோம்.