உங்க மெசேஜ எந்த இடத்துல வச்சு படிப்பாங்க? சாட் ஸ்கேன் சட்டங்கள படிக்கறதுக்கும் ஃபோன சரி பண்றதுக்கும் ஒரு வழிகாட்டி

"என்க்ரிப்ஷன்ல நாங்க கை வைக்கவே மாட்டோம்"னு ஒரு அரசாங்கம் அடிச்சு சொன்னா நிறைய பேரு அப்பாடான்னு விட்டுடறாங்க, ஆனா அந்தப் பேச்சு நூத்துக்கு நூறு உண்மையா இருக்கும்போதே உங்க மெசேஜ ஒண்ணு விடாம பாக்க முடியும். அது எப்படின்னு புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் சுலபம், அதனால செட்டிங்ஸ நோண்டறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இத படிச்சிடுங்க.

நீங்க ஒரு ஃபோட்டோ அனுப்பறீங்க. அது உங்க ஃபோன்ல பூட்டு இல்லாம கெடக்கு. அனுப்புற பட்டன தட்டினதும் ஆப் அத பூட்டி, பூட்டின பொட்டலமா கம்பெனி சர்வர் வழியா அனுப்புது, அந்தப் பக்கம் இருக்கறவங்க ஃபோன்ல மட்டும்தான் அது திறக்கும், நடுவுல இருக்கற கம்பெனிக்கே சாவி கெடையாது. இதுதான் எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன். அப்புறம் நீங்க தூங்கற நேரத்துல ஃபோன் எல்லாத்தையும் பேக்கப் எடுத்து க்ளவுட்ல கொண்டு போய் வைக்குது. ஆக ஒரு மெசேஜ மூணாவது ஆள் படிக்கணும்னா இடம் மூணுதான்: ஃபோன்லயே, நடுவுல சர்வர்ல, இல்ல பேக்கப்ல. எந்த சட்டம் வந்தாலும் எந்த ஆப் வந்தாலும் இதுல எந்த இடம்னு கேட்டு பழகிக்கோங்க, பாதி குழப்பம் போயிடும்.

முன்னாடியெல்லாம் அரசாங்கங்க கேட்டது சர்வர. அங்க பூட்டு வந்ததும் பார்வை ஃபோனுக்கு நகர்ந்துடுச்சு. க்ளையன்ட் சைடு ஸ்கேனிங்னு பேரு வச்சிருக்காங்க, பூட்டறதுக்கு முன்னாடியே ஆப் உங்க படத்த, குற்றம்னு ஏற்கனவே தெரிஞ்ச படங்களோட ஒரு லிஸ்ட்டோட ஒப்பிட்டு பாக்கும், ஒத்துப்போனா புகார் போயிடும். பூட்டு பத்திரமாத்தான் இருக்கு, பூட்டறவன் தோளுக்குப் பின்னால ஒருத்தன் நின்னு எட்டிப் பாத்துட்டு இருக்கான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது கற்பனை இல்ல. 2021 ஆகஸ்ட்ல ஆப்பிளே இப்படி ஒண்ண அறிவிச்சாங்க, ஐக்ளவுடுக்கு போற படங்கள ஃபோன்லயே ஒப்பிட்டு பாக்கறதா திட்டம். ரெண்டு வாரத்துக்குள்ள ஆராய்ச்சியாளர்கள் அந்த சிஸ்டம எடுத்து நோண்டி, சம்பந்தமே இல்லாத ரெண்டு படத்துக்கு ஒரே கைரேகை (ஒப்பிடறதுக்காக படத்துல இருந்து கணக்கு போட்டு எடுக்கற எண்) வர்ற மாதிரி செஞ்சு காட்டிட்டாங்க. செப்டம்பர்ல தள்ளி வச்சாங்க, 2022 டிசம்பர்ல மொத்தமா கைவிட்டாங்க. நடுவுல 2021 அக்டோபர்ல 14 பாதுகாப்பு நிபுணர்கள் சேர்ந்து இது ஏன் ஆபத்துன்னு நீளமா ஒரு கட்டுரை எழுதினாங்க, அதுல டிஃபி, ரிவெஸ்ட் ரெண்டு பேரும் உண்டு, இன்னிக்கு நாம பயன்படுத்தற க்ரிப்டோகிராஃபிக்கு, அதாவது இந்தப் பூட்டு போடற கலைக்கு, அஸ்திவாரம் போட்டவங்க. அவங்க பயப்படறாங்கன்னா நாமளும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, இப்போ ஒரு சட்ட முன்மொழிவ எப்படி படிக்கறதுன்னு பாப்போம். ஐரோப்பிய யூனியன் கதையவே பாடமா எடுத்துக்கலாம், ஏன்னா இதுல இருக்கற எல்லா தந்திரமும் அங்க ஒரே இடத்துல கெடைக்குது. 2022 மே 11ஆம் தேதி, யூனியன்ல சட்டங்கள முன்வைக்கற அமைப்பான ஐரோப்பிய கமிஷன் குழந்தைகள் மேல நடக்கற பாலியல் கொடுமைய தடுக்கறதுக்குன்னு ஒரு சட்டத்த முன்வச்சாங்க, எதிர்க்கறவங்க அதுக்கு வச்ச பேருதான் சாட் கண்ட்ரோல். இங்க ஒண்ணு நேர்மையா சொல்லிடணும், அந்தக் கொடுமை நிஜம், சட்டம் கேக்கறவங்க எல்லாரும் ஒட்டுக்கேக்க ஆசைப்படறவங்க இல்ல. ஆனா நோக்கம் நல்லதுங்கறதுக்காக கருவிய பாக்காம விட முடியாது.

படிக்கும்போது மொதல்ல தேட வேண்டியது எதத் தேடப் போறாங்கங்கறது. கமிஷன் கேட்டது மூணு வகை. ஏற்கனவே போலீஸுக்கு தெரிஞ்ச படங்கள், இதுவரை யாரும் பாக்காத புது படங்கள், அப்புறம் பெரியவங்க குழந்தைகள பேசி வளைக்கற உரையாடல். மூணும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா இல்ல. மொதல் வகைல லிஸ்டோட ஒப்பிட்டா போதும். மத்த ரெண்டுக்கும் ஒரு மெஷின் உங்க படத்தையும் பேச்சையும் புரிஞ்சுக்கிட்டு ஊகிக்கணும், ஊகம்னு வந்துட்டா தப்பும் வரும். ஒரு கணக்கு போட்டு பாருங்க, ஒரு நாளைக்கு 100 கோடி மெசேஜ ஸ்கேன் பண்ற சிஸ்டம் ஆயிரத்துல ஒண்ணுதான் தப்பா புடிக்குதுன்னு வச்சா, தெனம் 10 லட்சம் நிரபராதி மெசேஜ் மாட்டும். அத யாரு உக்காந்து பாக்கறது?

மாட்டினா என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு ஒரு நடந்த கதை. அமெரிக்காவுல ஒரு அப்பா, உடம்பு சரியில்லாத தன் சின்னப் பையனோட படத்த டாக்டர் கேட்டாங்கன்னு எடுத்தாரு. கூகுளோட ஸ்கேன் அத குற்றம்னு கொடி தூக்கிடுச்சு, கணக்கு முடங்கிடுச்சு, போலீஸ் விசாரிச்சு தப்பே இல்லன்னு முடிச்சும் கணக்கு திரும்ப வரல. 2022ல பத்திரிகைல வந்தது இது. மெயில், ஃபோட்டோ, காண்டாக்ட்னு வாழ்க்கையே ஒரே கணக்குல இருக்கற நமக்கு இது வயித்த கலக்கற விஷயம்.

ரெண்டாவதா, யாரோட மெசேஜங்கறத பாருங்க. சந்தேகப்பட்ட ஆளோடதா, கோர்ட் உத்தரவு வேணுமா, இல்ல எல்லாரோடதுமா? ஐரோப்பிய பார்லிமென்ட் 2023 நவம்பர்ல எடுத்த நிலைப்பாடு, எண்ட் டு எண்ட் பூட்டின உரையாடல்கள தொடக்கூடாது, மத்ததுலயும் சந்தேகத்துக்கு இடமானவங்கள மட்டும்தான்னு. அதே நேரம் உறுப்பு நாடுகளோட கவுன்சில்ல சுத்தின வரைவுகள்ல ஒண்ணுல போலீஸ், ராணுவம், உளவுத்துறை பயன்படுத்தற கணக்குகளுக்கு விலக்கு இருந்துச்சு. இந்த மாதிரி விலக்கு ஒரு வரைவுல எங்க இருக்குன்னு முதல்ல தேடிப் படிங்க, ஸ்கேனிங் பாதுகாப்பானதா இல்லையான்னு அத எழுதினவங்களே என்ன நினைக்கறாங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

மூணாவது, மென்மையான வார்த்தைகள். கவுன்சில்ல இந்த சட்டம் வருஷக்கணக்கா நகரல, 2024 ஜூன்ல பெல்ஜியம் தலைமைல ஓட்டுக்கு வர்றதா இருந்து வரல, 2025 அக்டோபர்ல டென்மார்க் தலைமைல வர இருந்தப்ப ஜெர்மனி ஒத்துக்கல. நவம்பர்ல கட்டாய ஸ்கேனிங்க எடுத்துட்டு ஒரு நிலைப்பாட்டுக்கு வந்தாங்க. அப்போ ஜெயிச்சாச்சுன்னு ஒரே கொண்டாட்டம், நானும் ஒரு நாள் சந்தோஷப்பட்டேன், அப்புறம் வரைவ படிச்சா கம்பெனிங்க விருப்பப்பட்டா ஸ்கேன் பண்ணலாம்னு ஏற்கனவே இருந்த தற்காலிக அனுமதிய நிரந்தரமாக்கறதும் ஆபத்தக் குறைக்க நடவடிக்கை எடுக்கணும்ங்கற கடமையும் அதுக்குள்ள இருக்கு. விருப்பம்னு சொல்லிட்டு பின்னாடி அழுத்தம் கொடுத்தா அது எவ்வளவு நாள் விருப்பமா இருக்கும்ங்கறதுதான் விமர்சகர்களோட கேள்வி. பிரிட்டன்லயும் இதே ரகம்தான், 2023ல வந்த ஆன்லைன் பாதுகாப்பு சட்டத்துல ஸ்கேனிங் அதிகாரம் அப்படியே இருக்கு, தொழில்நுட்ப ரீதியா சாத்தியமாகும்போதுதான் பயன்படுத்துவோம்னு ஒரு சமாதானம் மட்டும் சொன்னாங்க. அதிகாரம் சட்டத்துல இருக்கு, சமாதானம் பேச்சுல இருக்கு. சட்டத்துல இருக்கறத மட்டும் கணக்குல எடுங்க.

இனி ஃபோன கையில எடுங்க.

பேக்கப்ல இருந்து ஆரம்பிக்கணும், அங்கதான் ஓட்டை பெருசு, யாரும் பாக்கறதும் இல்ல. வாட்ஸாப் மெசேஜ் 2016ல இருந்து எண்ட் டு எண்ட் பூட்டோடதான் போகுது, ஆனா க்ளவுட் பேக்கப்புக்கு அந்தப் பூட்ட நீங்களா போட்டாதான் உண்டு, அந்த வசதியே 2021லதான் வந்துச்சு. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், அதுக்குள்ள எண்ட் டு எண்ட் என்க்ரிப்டட் பேக்கப்னு இருக்கும், ஆன் பண்ணுங்க. பாஸ்வேர்ட் கேக்கும், இல்லன்னா 64 எழுத்து சாவி ஒண்ணு தரும். அத பேப்பர்ல எழுதி பத்திரமா வைங்க, தொலைச்சா கம்பெனி நெனச்சாலும் திறக்க முடியாது, நான் ஒரு தடவ ரொம்ப புத்திசாலித்தனமா ஒரு பாஸ்வேர்ட வச்சு அத அந்த ஃபோன்லயே நோட் பண்ணி வச்சிருந்தேன், ஃபோன் செத்ததும் ரெண்டு வருஷ சாட்டும் போச்சு, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இன்னொண்ணு, எதிர்ல இருக்கறவங்க பேக்கப் திறந்து கெடந்தா உங்க மெசேஜும் அங்க திறந்துதான் கெடக்கும், அதனால நெருக்கமா பேசறவங்கள்ட்டயும் இத பண்ண சொல்லுங்க.

ஐஃபோன் வச்சிருக்கறவங்க ஐக்ளவுட்ல அட்வான்ஸ்ட் டேட்டா ப்ரொடெக்ஷன்னு இருக்கறத ஆன் பண்ணிக்கோங்க, பேக்கப்புக்கும் எண்ட் டு எண்ட் பூட்டு போடறது அதுதான். இதுக்கு எவ்வளவு மதிப்புன்னு தெரியணுமா, பிரிட்டன் அரசாங்கம் இந்தப் பூட்டுக்குள்ள நுழைய வழி கேட்டதா செய்தி வந்து, 2025 பிப்ரவரில ஆப்பிள் அந்த நாட்டுல இந்த வசதியையே நிறுத்திட்டாங்க.

அடுத்து சர்வர். எந்த ஆப் தானாவே பூட்டுது, எது நீங்க கேட்டாதான் பூட்டுதுன்னு தெரிஞ்சு வைங்க. சிக்னல்ல எல்லாமே பூட்டுதான், அத தவிர வேற மோடே இல்ல. டெலிகிராம் பத்தி ஊரெல்லாம் ஒரு தப்பான நெனப்பு இருக்கு, அதுல சாதாரண சாட் எண்ட் டு எண்ட் கெடையாது, சீக்ரட் சாட்னு தனியா தொறந்தாதான் உண்டு, குரூப்புக்கு அதுவும் இல்ல. ஃபேஸ்புக் மெசெஞ்சர் 2023 டிசம்பர்ல இருந்துதான் தானா பூட்ட ஆரம்பிச்சுது. எஸ்எம்எஸ், சாதாரண மெயில் ரெண்டும் தபால் கார்டு மாதிரி, அத தெரிஞ்சே எழுதுங்க. வாட்ஸாப் சாட்டுக்குள்ள ஏஐய கூப்பிட்டு ஏதாவது கேட்டா அந்தக் கேள்வி வாட்ஸாப்போட கம்பெனியான மெட்டாவுக்கு போகுது, அதையும் மறக்காதீங்க.

பூட்டு இருந்தாலும் யாரு யாரோட எப்போ பேசினாங்கங்கற தகவல் வெளிலதான் நிக்கும், மெட்டாடேட்டானு சொல்றது அதத்தான். இங்க ஆப்புக்கு ஆப் வித்தியாசம் நெறைய. 2016ல அமெரிக்க கோர்ட் ஒண்ணு சிக்னல்கிட்ட ஒருத்தரோட விவரத்த கேட்டப்ப அவங்களால குடுக்க முடிஞ்சது ரெண்டே தேதி, கணக்கு தொடங்கினது, கடைசியா கனெக்ட் ஆனது. வச்சிருந்தாதானே குடுக்கறதுக்கு. நோட்டிஃபிகேஷனும் ஆப்பிள், கூகுள் சர்வர் வழியாத்தான் வருது, அந்தத் தகவல அரசாங்கங்க கேட்டு வாங்கறாங்கன்னு 2023 டிசம்பர்ல அமெரிக்க செனட்டர் ரான் வைடன் வெளிய சொன்னாரு, அதனால முக்கியமான ஆப்ல நோட்டிஃபிகேஷன்ல மெசேஜ் உள்ளடக்கம் தெரியாத மாதிரி வச்சுக்கோங்க.

கடைசியா ஃபோன். ஆப் செட்டிங்ஸ்ல லிங்க்ட் டிவைசஸ் பக்கத்த தொறந்து பாருங்க, எப்பவோ லாகின் பண்ண பழைய கம்ப்யூட்டர் அங்க உக்காந்திருக்கும், வெளியேத்துங்க. முக்கியமான ஆளோட சாட்ல இருக்கற செக்யூரிட்டி கோட (நடுவுல வேற யாரும் இல்லன்னு காட்டறது) நேர்ல ஒரு தடவ ஸ்கேன் பண்ணி ஒத்துப்போகுதான்னு பாருங்க. மறையற மெசேஜ ஆன் பண்ணுங்க, இல்லாத மெசேஜ யாரும் படிக்க முடியாது.

ஆனா ஒளிக்காம சொல்றேன், ஸ்கேனிங் ஃபோன்லயே, அதுவும் ஆபரேட்டிங் சிஸ்டம்லயே வந்துட்டா மேல சொன்ன எதுவும் காப்பாத்தாது. நல்ல ஆப்புக்கு மாறிட்டா போதும்னு சொல்றவங்க இத விட்டுடறாங்க. சட்டம் கட்டாயமாச்சுன்னா அந்த நாட்ட விட்டு போயிடுவோம்னு சிக்னல் தலைவர் மெரெடித் விட்டேக்கர் பிரிட்டன் விஷயத்துலயும் ஐரோப்பா விஷயத்துலயும் சொன்னாங்க, அப்போ மாறறதுக்கு ஆப்பே இருக்காது. அதனால சட்டம் வரைவா இருக்கும்போதே உங்க பிரதிநிதிக்கு எழுதறதும் இந்த வழிகாட்டில ஒரு வேலைதான்.

எழுதும்போது ஃபார்வர்ட் கடிதத்த அப்படியே ஒட்டாதீங்க, ஒரே மாதிரி ஆயிரம் வந்தா யாரும் படிக்க மாட்டாங்க. அரைப் பக்கம் போதும், திட்டாதீங்க, குழந்தைகள் பாதுகாப்பு முக்கியம்னு நீங்க நெனச்சா அத மொதல் வரிலயே சொல்லுங்க. ஒரு நடந்த உதாரணம் வைங்க, எனக்குப் பிடிச்சது 2024ல வெளிய வந்த சால்ட் டைஃபூன் விவகாரம். சட்டப்படி ஒட்டுக்கேக்கறதுக்குன்னு அமெரிக்க டெலிகாம் கம்பெனிங்க வச்சிருந்த ஏற்பாட்டுக்குள்ளயே சீனாவோட தொடர்புடையதா சொல்ற ஹேக்கர்ங்க நுழைஞ்சுட்டாங்க, அதுக்கப்புறம் என்க்ரிப்ஷன் இருக்கற ஆப்ப பயன்படுத்துங்கன்னு அமெரிக்க அதிகாரிகளே ஜனங்கள்ட்ட சொன்னாங்க. போலீஸுக்குன்னு வெட்டின வழில திருடன் வந்த கதை. 2024 பிப்ரவரில ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ரஷ்யாவுக்கு எதிரான ஒரு வழக்குல எல்லாரோட என்க்ரிப்ஷனையும் பலவீனமாக்கறது ஜனநாயக சமூகத்துல ஏத்துக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிருக்கு, அதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

கடிதத்தோட முடிவுல பதில் சொல்லியே ஆகற மாதிரி மூணு கேள்வி கேளுங்க. ஸ்கேன் எந்த இடத்துல நடக்கும், ஃபோன்லயா சர்வர்லயா? தப்பா மாட்டினவங்க யார்கிட்ட முறையிடணும், எத்தனை நாள்ல பதில் வரும்? இந்த ஸ்கேன் உங்க ஃபோன்லயும் ஓடுமா?