ஐஆர் எல்இடி மினுங்குகிறது, ஏசி மட்டும் அசையவில்லையா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஏசியை, நோட்எம்சியூ என்ற சின்ன வைஃபை போர்டையும் ரிமோட்டில் இருப்பது போன்ற ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடியையும் வைத்து போனிலிருந்தே இயக்கலாம் என்று உட்கார்ந்தேன். போர்டை ஏசிக்கு ஒன்றரை அடி பக்கத்தில் பிடித்தால் பீப் சத்தம் வரும், கட்டில் பக்கம் வைத்தால் ஒன்றும் இல்லை. இரண்டு ராத்திரி புரோகிராமையே மாற்றிக்கொண்டிருந்தேன். புரோகிராமில் தப்பே இல்லை, எல்இடிக்குப் போதுமான கரண்ட் போகவில்லை.

போன் கேமராவில் பார்த்தபோது எல்இடி ஊதா நிறத்தில் மினுங்கத்தான் செய்தது, அதை நம்பியதுதான் முதல் தவறு. 5 மில்லிஆம்ப் போனாலும் கேமராவில் தெரியும். அறையின் மறுகோடி வரை எட்ட 100 மில்லிஆம்ப் பக்கம் வேண்டும், நோட்எம்சியூவில் உள்ள இஎஸ்பி8266 சிப்பின் ஒரு பின் (கால்) தருவது 12 மில்லிஆம்ப்தான். அதனால்தான் நடுவில் டிரான்சிஸ்டர்: பின்னின் சின்ன கரண்ட் அதன் பேஸ் காலுக்குப் போனால், கலெக்டர் காலிலிருந்து எமிட்டர் காலுக்குப் பெரிய கரண்ட் ஓடும்.

அதைப் போட்ட பிறகும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம், எல்இடியை எமிட்டர் பக்கம் வைப்பது. பார்க்க சரியாகத்தான் இருக்கும். ஆனால் பின்னிலிருந்து வரும் 3.3 வோல்ட்டில் பேஸ்-எமிட்டருக்கு 0.7, எல்இடிக்கு 1.3 போக, ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது வெறும் 1.3 வோல்ட், 39 ஓம் போட்டிருந்தால் 33 மில்லிஆம்ப்தான் ஓடும், மேலே 5 வோல்ட் கொடுத்து என்ன பிரயோஜனம்? என்பிஎன் வகை டிரான்சிஸ்டர் என்றால் எமிட்டர் நேராக கிரவுண்டுக்கு, எல்இடியும் ரெசிஸ்டரும் கலெக்டர் பக்கம், இப்படித்தான் போட வேண்டும். அப்போது 5-லிருந்து எல்இடிக்கு 1.35, டிரான்சிஸ்டருக்கு 0.2 கழித்தால் 3.45 வோல்ட், அதே 39 ஓமில் 88 மில்லிஆம்ப் கிடைக்கும்.

அப்புறம் பேஸ் ரெசிஸ்டர். கையில் கிடைத்த 10 கிலோ ஓமைச் செருகிவிட்டு, கெயின் (பேஸ் கரண்டை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) 200 இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச் போல முழுசாக ஆன் ஆக, கலெக்டர் கரண்டில் பத்தில் ஒரு பங்கையாவது பேஸுக்குக் கொடுக்க வேண்டும். 3.3 வோல்ட் பின்னுக்கு 270 ஓம் போட்டால் 9 மில்லிஆம்ப் சொச்சம் வரும், பின்னும் தாங்கும்.

பிசி547 என்ற டிரான்சிஸ்டரின் உச்சவரம்பே 100 மில்லிஆம்ப், அதை விளிம்பில் ஓட்டாமல் 800 தாங்கும் பிசி337 வாங்குங்கள், இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றுதான். 2என்3904 என்ற இன்னொரு டிரான்சிஸ்டருக்கு அது தலைகீழ், மாற்றிச் செருகினால் அரைகுறையாக வேலை செய்து நம்மைக் குழப்பும்.

நோட்எம்சியூவின் டி4 பின்னை இதற்குத் தொடாதீர்கள். போர்டு பூட் ஆகும்போது அது ஹையில் (3.3 வோல்ட்டில்) இருக்கும், எல்இடி தொடர்ந்து எரியும், 39 ஓமில் 0.3 வாட் சூடு, கால் வாட் ரெசிஸ்டருக்கு அது அதிகம். ரிமோட் சிக்னல் போல 38 கிலோஹெர்ட்ஸில் விட்டு விட்டு எரிந்தால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனாலும் நான் அரை வாட்தான் போடுகிறேன். எல்இடிக்கு வரும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே, எல்இடி பக்கத்திலேயே, 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பல்ஸுக்கும் வோல்டேஜ் இறங்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கடலூரானாலும் புதுச்சேரியானாலும் உப்புக்காற்றில் பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகை) கிளிப் சீக்கிரம் கறுத்துவிடும், அந்த இடத்தில் இரண்டு மூன்று ஓம் கூடினாலே கரண்ட் குறையும். சோதித்து முடித்ததும் சால்டர் வைத்துவிடுங்கள். எங்கள் ஏசி இப்போது பதினைந்து அடியிலிருந்து பீப் அடிக்கிறது.